முள்ளின் தலையில் காசு

என் அண்ணன் இளையபெருமாளிடம் நல்ல பொருள் எதையும் காட்டக் கூடாது. காட்டினேன் பாருங்கள், என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

ரெக்கார்டு போடுகிற அந்த டர்ன்டேபிளைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சின்னப் பெட்டி போல மூடித் தூக்கிப்போகிற வகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் முள் அழுத்தி ரெக்கார்டைத் தேய்த்துவிடும். அதனால், முள்ளைப் பிடித்திருக்கும் கையின் பின்பக்க எடையைத் திருகி பாரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒன்றை வாங்கினேன். நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். ரயில் போனால் மேசை ஆடும் என்று சுவரில் தனிப் பலகை அடித்தேன். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தேன். வயலுக்கு மட்டம் பார்த்த குடும்பம், பலகைக்குப் பார்க்கத் தெரியாதா. ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தேன். உதிரியாக இன்னொரு முள்ளும் வாங்கி வைத்தேன்.

எல்லாம் ஒரே ஒரு ரெக்கார்டுக்காக. என் அம்மா அம்சம் இளவயதில் பண்ணையார் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து அவள் பாட்டைப் பதிந்துகொண்டு போனார். அது ரெக்கார்டாக வந்ததே எங்களுக்குத் தெரியாது. போன மாதம் இணையத்தில் பழைய ரெக்கார்டு விற்பவரிடம் கண்டெடுத்தேன். உறையில் குனிந்த முதுகுகளின் படம், கீழே பண்ணையாரின் பெயர். அம்மாவின் பெயர் எங்குமில்லை. பாடியவள் இருக்கும்போதே அவள் குரலை அவள் காதில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வேறு பிரதியும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் தயார். அம்மா ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றாள்.

"முதல் பக்கம் பண்ணையார் வாழ்த்து. அடுத்த பக்கம் நடவுப் பாட்டு. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வச்சுகிட்டுப் போடலாம்மா."

அவள் ரெக்கார்டை உறைக்குள் போட்டாள். மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு முடித்துத் திரும்பினேன்.

ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பக்கத்தில் நின்றான். ஆம்ப்ளிபயரில் விளக்கு எரியவில்லை. ஸ்பீக்கர் இல்லாமல் முள்ளிலிருந்தே ஒரு குரல், கொசுக் குரலில், யாரையோ வாழ்க வாழ்க என்றது. முள்ளின் தலையில் கறுப்பு டேப் போட்டுக் காசுகளை ஒட்டியிருந்தான்.

அண்ணன் ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவன். கல்யாண வீட்டில் பாட்டு நடுவே முள் எகிறினால் மைக் செட்காரர்கள் அதன் தலையில் ஒரு காசை வைப்பார்கள். முள் எகிறாது, ஆனால் நாளாக ஆக ரெக்கார்டை உழுதுவிடும். இதை எனக்குச் சொன்னவனே அவன்தான்.

முள் பிடித்த கையைத் தூக்கினேன். முள்ளின் அடியில் பொடி திரண்டிருந்தது. ரெக்கார்டின் கறுப்பு வெளுத்திருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சிருக்கண்ணே? எத்தனை தடவ ஓட்டுன?"

"காலையிலேருந்து."

"கல்யாண வீட்டு ரெக்கார்டா இது? அம்மா கொரலுண்ணே. ஒண்ணே ஒண்ணு. சத்தத்தக்கூட வைக்காம என்னத்தக் கேட்ட நீ? உன் கையில வெளக்கெண்ணெயக் காய்ச்சி ஊத்த."

அவன் தலைகுனிந்து நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவன ஏன் திட்டுற?" என்றாள் அம்மா. "நான்தான் வைக்கச் சொன்னேன்."

"வச்சா ரெக்கார்டு கெட்டுடும்மா."

"தெரியும். அதுக்குத்தான் வைக்கச் சொன்னேன்."

அம்மாவின் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. அத்தனையும் கோபம்.

"அன்னிக்கு இவன் கைப்புள்ள. மரத்துல தூளி. பசியில கத்துறான். எனக்குப் பால் கட்டிகிட்டு மாரு தெறிக்குது. அந்தப் பண்ணையாரு வரப்புல குடையப் புடிச்சிகிட்டு நிக்கிறான். எம்பேர்ல வாழ்த்து பாடு, பொறவு புள்ளயப் பாருங்குறான். நல்லா வரல, நல்லா வரலன்னு திரும்பத் திரும்பப் பாட வுட்டான். புள்ள கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு. நான் செத்த பொறவும் அந்தப் பாட்டு சுத்திகிட்டு இருக்கணுமா?"

"சத்தமாவது வச்சிருக்கலாமேம்மா."

"பாடுனது பத்தாதா? கேக்க வேற செய்யணுமா?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இன்று காலையில்தான் தெரிந்திருக்கிறது.

"மறுபக்கம் எங்க பாட்டு," என்றாள் அம்மா. "அதுக்குப் புது முள்ளு போடு. மட்டம், பாரம் எல்லாம் நீ பாத்து வச்சபடியே இருக்கணும். நாளைக்கு எல்லாரும் கேக்கட்டும்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "இது முழுசாப் போயிடுச்சா?"

"கடைசியில இன்னும் கொஞ்சம் கேக்குதும்மா. அவரு பேரு."

கைப்பையைத் துழாவினேன். அஞ்சு ரூபாய்க் காசு ஒன்று இருந்தது. டேப்பைக் கிழித்து, மற்றக் காசுகளின் மேல் நானே ஒட்டி, முள்ளை இறக்கினேன்.