துருப்பிடிக்காத குழாய்

எங்கள் அனுமந்தைக் குப்பத்தில் துருப்பிடிக்காத குழாய் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அது எங்கள் வீடு. இதை நான் சொல்லவில்லை. என் மாமனார் தட்சணாமூர்த்தி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னது. கடல் காற்றும் உப்பளத்துக் காற்றும் சேர்ந்து அடிக்கிற ஊரில் இரும்புக் குழாய் இரண்டு மழைக்காலம் தாங்காது. சுனாமி பழைய குழாய்களைப் பிடுங்கி எறிந்த பிறகு, பஞ்சாயத்துத் தொட்டியிலிருந்து மறுபடி இணைப்பு கொடுத்தபோது எல்லோரும் பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். மாமனாருக்கு அது கௌரவக் குறைச்சல். புதுச்சேரியில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய பங்களாவிலிருந்து கனத்த சாம்பல் நிறக் குழாயைச் சுருட்டி டெம்போவில் ஏற்றி வந்தார்.

"வெள்ளைக்காரன் போட்டது. இத்தினி வருசம் மண்ணுக்குள்ள கெடந்தும் ஒரு பொட்டு துரு இருக்குதா பாரு," என்றார்.

என் கணவர் சுரேஷ் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாப்பா," என்றார். அவர் தன் அப்பாவிடம் பேசியதில் முக்கால்வாசி அந்த ஒரு வார்த்தைதான்.

ஐப்பசி வருவதற்குள் என் மகள் பூஜா வெளுத்துப்போனாள். நாலு வயசுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், ஒன்றும் கேட்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். பிள்ளை வலையில் கட்டுகிற ஈயக் குண்டை வாயில் வைப்பாளா என்று கேட்டார். இல்லை என்றேன். குடிக்கிற தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெருமையைச் சொன்னேன்.

"காந்தம் வெச்சுப் பாரும்மா. ஒட்டலன்னா கத்தியால லேசா சுரண்டு. மெத்துன்னு இருந்து, உள்ள வெள்ளி மாதிரி பளபளன்னா அது காரீயம். அந்தத் தண்ணியக் குழந்தைக்குக் குடுக்காத. காய்ச்சினாலும் போகாது," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உடைந்த ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றி, குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. மீன் அரிகிற கத்தியால் சுரண்டினேன். கத்தி சுலபமாக இறங்கியது, கீறல் பளபளத்தது.

"காந்தம் தங்கத்துலகூடத்தான் ஒட்டாது. அப்ப இது தங்கமா?" என்றார் மாமனார். சுரேஷ் சிரித்தார். சிரித்த முகத்தை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன், அப்படியே அப்பன் முகத்தின் நகல்.

"நீங்களே ஒரு தபா சொரண்டிப் பாருங்க மாமா. ஒங்களுக்குத் தெரியாத ஈயமா?" என்றேன்.

அவர் கிட்டே வரவில்லை. வாழ்நாளெல்லாம் வலையோடு புழங்கிய கை, தொட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் தொடவில்லை.

"ஈயமாவே இருக்கட்டுமே, இன்னா இப்ப? சின்ன வயசுலேர்ந்து ஈயத்தைப் பல்லால கடிச்சுத்தான் வலைக்கு மாட்டுறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி?"

அவர் புத்திக்கு என்ன ஆயிற்று என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து வந்தேன். மாமனார் வாசலிலேயே மறித்து, குடத்தை வாங்கிக் கவிழ்த்தார். வீட்டுக்குள் குழாய் இருக்கும்போது மருமகள் தெருவில் குடம் தூக்கினால் அவர் மானம் போய்விடுமாம். அதன் பிறகு பக்கத்து வீட்டு மாயவன் பெண்சாதி கொடுத்த தண்ணீரை ஒளித்து வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் பூஜா குழாயில் வாயை வைத்துவிடுவாள். குழாய் இருக்கிற வரைக்கும் என் பிள்ளைக்குக் கதி இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீடு உட்பட எல்லா வீட்டுக்கும் நிவாரண வலைகள் வந்தன. நல்ல நைலான் வலைகள், ஆனால் ஈயம் கட்டாத வெறும் வலைகள். ஈயம் இல்லாமல் வலை தண்ணீருக்குள் இறங்காது. ஆண்கள் ஈயத்துக்கு அலைந்தார்கள். எனக்கு வழி கிடைத்துவிட்டது. மாயவனிடம் போய், "எங்க ஊட்டுப் பைப்பு பூரா ஈயம்தான். மாமாகிட்ட கேட்டுப் பாருங்கண்ணா," என்றேன்.

சாயங்காலம் மாயவன் வந்தார். "சித்தப்பா, அந்தப் பைப்பு ஒங்களுக்கு வோணாம்னா எனக்குக் குடுங்களேன். ஈயம்னு சொல்றாங்க."

"நான் ஏன்டா ஒனக்குக் குடுக்கணும்?" என்றார் மாமனார்.

மாயவன் தன் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் கடப்பாரை வெளியே வந்துவிட்டது. பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அசையாத மனுஷன், மீன் என்றதும் இடுப்பு ஒடியத் தோண்டினார். பிடுங்கிய குழாயை நகத்தால் ஒரு கீறு கீறி, முகர்ந்து பார்த்து, "சுத்த ஈயம்டா சுரேசு. பார்த்தாலே தெரியல?" என்றார்.

"ஆமாப்பா."

பூஜாவை மாயவன் வீட்டுக்கு அனுப்பினேன். வாசலில் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டிய மாமனார், "தெய்வநாயகி, உருக்கணும். அந்தச் சோத்துக் குண்டான எடுத்தா," என்று கத்தினார்.

உள்ளே போனேன். குண்டானைத் தொடவில்லை. தட்சணாமூர்த்தி என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் சொம்பு ஒன்று உண்டு. அவரைத் தவிர யாரும் அதில் தண்ணீர் குடிக்கக் கூடாது. அதை எடுத்து வந்து நீட்டினேன்.

"இதுல நான் தண்ணி குடிக்கிறன்டி!"

"ஈயத்தால ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"

சொம்பை வாங்கினார். நெருப்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு சுரேஷிடம், "பழைய பெயிண்ட் டப்பா எதுனா கெடக்குதா பாருடா," என்றார்.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம்கூட அப்போது விட்டுப்போயிற்று. கோபப்படவும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். அவர் எழுந்து உள்ளே போய், அந்தச் சொம்பை இரண்டு தரம் கழுவி, துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார்.