புங்குடுதீவுக்கு ஓடாத படகு

ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். தட்டெழுத்து வகுப்பில் என் கதிரையை இழுத்துப் போட்டவளை ஒரு கிழமை விடாமல் ஏசியிருக்கிறேன். அப்படிப்பட்ட சறோஜினிதேவிக்கு வாய் அடைத்துப்போன கதை இது. என் பக்கம் ஒரு நியாயமும் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தேடிக் களைக்க வேண்டாம்.

எண்பத்துநான்காம் ஆண்டு மாசி மாதம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த கல்லூரிக்குக் கொம்பனிக்காரர் வந்து, மண்டபத்தில் ஆளுக்கொரு மேசை போட்டு, வேலைக்குப் பிள்ளைகளைத் தேடினார்கள். சவர்க்காரக் கொம்பனியின் மேசையில் அரியநாயகம் என்றொரு மனேச்சர் இருந்தார். என்னையும் நெடுந்தீவுக் கிறேசம்மாவையும் தட்டெழுத்து மெசினில் அடிக்கவிட்டுப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் நல்லாய் அடிக்கிறியள். ஆனால் இடம் ஒண்டுதான் கிடக்கு,” என்றார். “உங்களை ஏன் எடுக்கவேணும் எண்டு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதி, பத்து நாளைக்குள்ள அனுப்புங்கோ. அதைப் பார்த்துத்தான் முடிவு.”

எனக்கு அந்த இடம் வேண்டும். கொழும்பில் என்னைப் பெற்ற ஐயாவின் கடை ஆடிக் கலவரத்தில் எரிந்து ஏழு மாதம். ஐயா சாய்மனைக் கதிரையில் படுத்து முகட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதில்லை. வேலை கிடைக்காவிட்டால், வட்டக்கச்சியில் நாற்பது வயதில் தாரமிழந்த ஒருவருக்கு என்னைக் கலியாணம் பேசுவதென்று அம்மா முடிவெடுத்திருந்தா. “அவருக்கு மூண்டு பிள்ளையள், உனக்கு வேலை மிச்சம்,” என்று பகிடி வேறு.

கிறேசம்மாவுக்கும் அந்த இடம் வேண்டும்தான். அவளுக்குக் கீழே ஐந்து பேர், தகப்பனுக்குக் கடல் தொழில். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கடல் குழம்பினால் நெடுந்தீவுக்குப் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் தபாலும் இல்லை. அதனால் படகு ஓடுகிற நாளில் நெடுந்தீவார் அவசரமான கடிதங்களோடு எங்கள் ஊர்க் குறிகட்டுவான் துறையில் இறங்கி, அவற்றை யாழ்ப்பாண பஸ் ஏறுகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். “பட்டினத்துப் பெட்டியில போட்டுவிடுங்கோ” என்ற ஒரு சொல்தான். சண்டைக்காரன் வீட்டுக் கடிதத்தைக்கூடக் கொண்டுபோய்ப் போடுவார்கள். பிறத்தியார் கடிதத்தை ஒருவர் பிரித்தார் என்று அந்த நாள் வரைக்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

எட்டாம் நாள் காலை கிறேசம்மா துறையில் நின்றாள். கையில் கடித உறை.

“சறோ, இதையும் உம்மடையோட சேர்த்துப் போட்டுவிடும். நான் இதே படகில திரும்பவேணும்.”

“ஓம், தாரும்,” என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் கடிதம் அதுவரை முடிந்திருக்கவில்லை. நான் நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருவேன், குடும்பம் கஷ்டம் என்று மூன்று வரி. என் இங்கிலீசுக்கு அதற்குமேல் மூச்சு இல்லை. கிறேசம்மாவோ கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அவள் உறையில் கடல் நீர் தெறித்து ஒட்டு இளகியிருந்தது. அது ஒரு சாட்டு. காய்ந்திருந்தாலும் பிரித்திருப்பேன்.

அழகான கடிதம். அதில் ஒரு வசனத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ‘கடல் குழம்பிப் படகு ஓடாது என்று தெரிந்தால், முதல் நாளே பட்டினத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் உங்கள் அலுவலக வாசலில் நிற்பேன்’ என்று எழுதியிருந்தாள். யாருக்குத்தான் அப்படிப்பட்ட பிள்ளையை எடுக்க மனம் வராது?

பஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்து அந்தப் பந்தி முழுவதையும் என் கடிதத்தில் எழுதினேன். பார்த்து எழுதிய பிறகு இரண்டையும் எப்படி அனுப்புவது? ஒன்றைத்தான் அனுப்பலாம். என்னுடையதைப் பெட்டியில் போட்டேன். பின்னேரம் திரும்பி வரும்போது, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி றோட்டில் பஸ் ஓடுகையில், அவளுடையதைக் கிழித்து யன்னலால் கடலில் விட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அரியநாயகத்தாரிடமிருந்து தபாலட்டை வந்தது. நேரில் வந்து சந்திக்கவும். அம்மா அப்போதே நயினை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தா. ஐயா ஏழு மாதத்துக்குப் பிறகு எழும்பி முகம் வழித்தார். நான் அம்மாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அரியநாயகத்தார் இருக்கச் சொன்னார். என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“நீர் எந்த ஊர், பிள்ளை?”

“புங்குடுதீவு, ஐயா.”

“புங்குடுதீவுக்கு எப்ப தொடக்கம் படகு ஓடுது?”

எனக்கு விளங்கவில்லை. அவர் அந்தப் படகு வசனத்தில் விரலை வைத்தார்.

“றோட்டு இருக்கு, தாம்போதி இருக்கு. நீர் இப்பவும் பஸ்ஸிலதானே வந்தனீர்? கடல் குழம்பினால் உமக்கென்ன?”

அட கடவுளே. எட்டு வயதிலிருந்து பஸ்ஸில் பட்டினம் போய்வருகிறவள் நான். எழுதும்போது அது எனக்கு ஒரு துளி உறைக்கவில்லை. தீவுக்காரிக்குக் கடல் பொதுதானே என்று நினைத்தேனோ, என்ன சனியனோ.

அவர் இன்னொரு கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கிறேசம்மாவின் எழுத்து.

“போன கிழமை இந்தப் பிள்ளை தன்ரை கடிதம் வந்ததோ எண்டு கேட்டு நேரில வந்தது. வரேல்லை எண்டன். படகில நனைஞ்சு போயிருக்கும் எண்டு சொல்லிச்சுது. இதில இருந்து திரும்ப எழுதும் எண்டு பேப்பர் குடுத்தன். பார்த்தால் அதே வசனம், சொல்லுக்குச் சொல்லு. உம்மட கடிதத்தைக் காட்டி, இது என்ன கதை எண்டு கேட்டன்.”

“என்ன சொன்னவ?” என்றேன்.

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினது எண்டு சொல்லிச்சுது.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நான் அதை நம்பேல்லை. இடத்தை அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறன். உம்மட வீட்டுக்கு ஒண்டும் எழுதமாட்டன். போயிற்று வாரும்.”

வெளியே வந்தபோது அந்த நீலச் சேலையைப் பற்ற வைத்துக்கொண்டு செத்தால் என்ன என்றிருந்தது. வீட்டில், இடம் வேறு யாருக்கோ போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அம்மா அரியநாயகத்தாரை ஏசினா. அநியாயக்காரன், ஆள் பார்த்துக் குடுக்கிறான் என்றா. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஐயா திரும்பப் போய்க் கதிரையில் படுத்தார்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் பஸ் ஏற நின்றேன். நெடுந்தீவுப் படகு வந்தது. முதல் ஆளாகக் கிறேசம்மா குதித்து ஓடிவந்தாள். ஒளிய இடமில்லை. பஸ் நிறைய நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வெளியூர்ச் சனம்.

என்னைக் கண்டதும் நின்றாள். பஸ்ஸுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“அம்மாவுக்குக் காய்ச்சல், கண் திறக்கிறாவில்லை. நான் இந்தப் படகிலேயே போகவேணும்,” என்றாள். “வேலைக்குச் சம்மதம் எண்டு எழுதியிருக்கிறன். இண்டைக்கு நாலு மணிக்குள்ள அவையின்ரை கையில கிடைக்கவேணும். இல்லாட்டி வேற ஆளைப் பார்ப்பினமாம். பெட்டியில போட்டால் போய்ச் சேராது.”

“கிறேஸ், என்னட்டத் தராதேயும். நான் உம்மடை கடிதத்தை...”

“தெரியும்.”

“பிறகேன் என்னட்ட? கொண்டக்ரரிட்டக் குடுமன்.”

“அவரிட்டக் குடுத்தால் அடுத்த திருவிழாவுக்குத்தான் போய்ச் சேரும்.” அவள் சிரிக்கவில்லை. “உம்மை நம்பித் தரேல்லை, சறோ. வேற ஆள் இல்லாமல் தாறன்.”

என் முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன். உறையைக் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படகுக்குப் போனாள். வாய்க்காரிக்கு ஒரு ‘ஓம்’கூட வரவில்லை.

வழி முழுவதும் அதைப் பையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் மடியில் பிடித்தபடி இருந்தேன். தாம்போதியில் காற்று அடித்தபோது எழும்பி யன்னலைச் சாத்தினேன். பக்கத்திலிருந்த மனிசி, “வெக்கை பிள்ளை, திறந்துவிடும்,” என்றா. மாட்டேன் என்றேன்.

பஸ் நிலையத்திலிருந்து கொம்பனிக்கு ஓடாத குறையாக நடந்தேன். பன்னிரண்டரைக்கு அரியநாயகத்தாரின் மேசைக்கு முன்னால் நின்றேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“கிறேசம்மா தந்துவிட்டவ, ஐயா. தாய்க்குச் சுகமில்லையாம்.”

வாங்கினார். பிரிக்கவில்லை. உறையைத் திருப்பி, ஒட்டின இடத்தை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அங்கேதான் நின்றேன், அவர் முடிக்கும்வரை.

ஒட்டு ஒட்டினபடியே இருந்தது. அவர் இன்னொரு முறை பார்த்தார்.