வெர்னாவின் எஃகு அடைப்பு

லித்கோ ஊரின் துப்பாக்கி சுடும் கழகத்தில் எந்தத் துப்பாக்கியும் நெவில் டிராண்டர் சோதித்த பிறகே களத்துக்குப் போகும். வெர்னா பாஸ்கோ கொண்டுவந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. பண்ணை ஏலமொன்றில் துருவோடு வாங்கியிருந்தாள். உரிமத்தாளெல்லாம் சரியாகவே இருந்தது. நெவில் தன் இரண்டு அளவுக்கட்டைகளில் பெரியதை உள்ளே வைத்து மூடும் நெம்புகோலை இழுத்தான். சின்னக் கட்டைக்குத் துப்பாக்கி மூட வேண்டும்; பெரியது இருந்தால் மூடவே கூடாது. இது வழுக்கிக்கொண்டு மூடியது.

தோட்டாவுக்கும் அதைப் பின்னால் தாங்கும் எஃகு அடைப்புக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருந்தது. சுட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து நெருப்பு முகத்துக்கே வரும்.

“சுவத்துல மாட்டிக்க வெர்னா. பாக்க அழகாத்தான் இருக்கு.”

“சுவத்துல மாட்டணும்னா உன் போட்டோவை மாட்டிக்கறேன், நெவில்.”

முப்பது வருஷம் ஆயுதத் தொழிற்சாலையில் கடைசல் பிடித்தவள் அவள். புது அடைப்பு ஒன்றைத் தானே செய்ய முடிவெடுத்தாள். மூன்று வாரம் உழைத்துப் பழைய வரைபடத்தில் கண்ட அளவுக்கே கடைந்து, கடினமாக்கச் சூளைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது அது இரண்டு தௌ பருத்திருந்தது. அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு தௌ. ஆனாலும் சின்னக் கட்டைக்குக்கூடத் துப்பாக்கி மூடவில்லை. எரிச்சலில் சாணைக்கல்லில் ஒரே மூச்சாகத் தேய்த்தாள். அளவைத் தாண்டிப் போய்விட்டது. மூன்று வார வேலை குப்பைக்கூடைக்குள் விழுந்தது.

மறுநாள் காலை கணக்குப் பார்த்தபோதுதான் தப்பு பிடிபட்டது. சூளையில் எஃகு எவ்வளவு பருக்கும் என்று பார்க்காமலே வரைபடத்தை நம்பியிருந்தாள். உடனே அதே எஃகுத் தண்டில் மூன்று துண்டு வெட்டிச் சூளைக்கு அனுப்பி, முன்னும் பின்னும் அளந்து எழுதினாள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு தௌ பருத்திருந்தது. அடுத்த அடைப்பைக் கடையும்போது அந்தப் பருமனை முன்கூட்டியே கழித்தாள். கையால் தேய்க்க மட்டும் ஒரு தௌ மிச்சம் வைத்தாள். சூளையிலிருந்து வந்ததும் அடைப்பின் முகப்பில் மை தடவி, துப்பாக்கியில் பொருத்தி மூடித் திறந்து, உரசி மை அழிந்த இடத்தை மட்டும் எண்ணெய்க்கல்லால் நாலு இழுப்பு. பிறகு அளவு. மறுபடி நாலு இழுப்பு. இந்த முறை அவள் அவசரப்படவில்லை. ஒன்பது நாள் ஆனது.

சனிக்கிழமை நெவில் சின்னக் கட்டையை வைத்தான்; துப்பாக்கி மூடியது. பெரியதை வைத்தான், நெம்புகோல் பாதியில் நின்றது. நம்பாமல் மூன்று தடவை பார்த்தான்.

“யாரு செஞ்சு குடுத்தா?”

“நாந்தான். முதல் ஒண்ணைப் பாழாக்கிட்டேன்.”

துப்பாக்கியை டயரில் கட்டிவைத்து, தூரத்திலிருந்து கயிறு இழுத்து முதல் தோட்டாவைச் சுட்டார்கள். வெளியே வந்த கூட்டை நெவில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீறலில்லை, வீக்கமில்லை. கழகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான்.

அன்று வெர்னா ஐம்பது புள்ளிக்கு முப்பத்தெட்டுதான் எடுத்தாள். குறி இடப்பக்கம் ஒதுங்குகிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரப் போட்டிக்கும் பேரைக் கொடுத்தாள்.