குடும்பப் பெயர்: தெரியவில்லை

பேருந்துப் பணிமனையில் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற ஒரே பெண் அவள். கூட வேலை பார்ப்பவர்கள் "ஸ்பேனர்" என்றுதான் கூப்பிடுவார்கள். சான்றிதழில் இருந்ததற்கு அது எவ்வளவோ மேல் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சான்றிதழில் அவளுடைய குடும்பப் பெயர் "தெரியவில்லை". பச்சைக் குழந்தையாகக் காப்பகத்துக்கு வந்தபோது, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அங்கிருந்த குமாஸ்தா அப்படி எழுதினார். பள்ளியில் சேர்த்தவர் அதையே பெயரென்று நினைத்து அப்படியே எழுதிவிட்டார். அதோடு ஒட்டிக்கொண்டது. வகுப்பில் தினமும் சிரிப்பு. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போன இடத்தில் ஓர் அதிகாரி, "தெரியலைன்னா தெரிஞ்சுக்கிட்டு வாம்மா" என்று எரிந்து விழுந்தார்.

மகள் பிறந்த பத்தாம் நாள், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவள் கணவன் பிறப்புப் பதிவுப் படிவத்தோடு உட்கார்ந்தான்.

"என் குடும்பப் பேரையே போட்டுடலாம். பிரச்சினை தீர்ந்துச்சு."

"பாப்பாவுக்குத் தீர்ந்துச்சு. அம்மா பேருன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போடுவீங்க?"

அவன் பேனாவை மூடி வைத்தான்.

பதிவு அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அம்மா, "விருப்பப்பட்ட பேரை வச்சுக்கலாம். ஆனா உங்க முதல் பதிவோட நகல் வேணும்" என்றார்.

குழந்தையையும் தூக்கிக்கொண்டு இருவரும் காப்பகத்துக்குப் போனார்கள். தடித்த பதிவேட்டில் அவளுடைய வரி இருந்தது. "தெரியவில்லை" என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம்: "கொண்டுவந்தவர், மருத்துவமனைச் சலவைப் பிரிவு ஊழியர். தன் குடும்பப் பெயரையே குழந்தைக்கு எழுதும்படி வற்புறுத்தினார். உறவினர் அல்ல என்பதால் ஏற்கவில்லை."

மூன்று முறை படித்தாள். தனக்குக் கொடுக்க எவரிடமும் ஒரு பெயர் இல்லை என்றுதான் முப்பது வருஷமாக நினைத்திருந்தாள். கணவன் குழந்தையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டான்.

கூடவே அந்த ஊழியரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இருந்தன; அது அவன் வேலை பார்க்கும் மருத்துவமனைதான். சலவைப் பிரிவில் விசாரித்ததும் விலாசம் கிடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற அந்த அம்மா, இரண்டு தெரு தள்ளி இஸ்திரிக் கடை வைத்திருந்தார். இவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"அழுக்குத் துணிக் கூடையில கிடந்தே நீ. நல்லவேளை, மெஷின்ல கொட்டறதுக்கு முன்னாடி கத்தினே! என் பேரை எழுதுங்கன்னேன். அந்த மனுஷன் ரூல் பேசினான். ரெண்டு மணி நேரம் சண்டை போட்டேன்." அவர் குரல் இறங்கியது. "தோத்துட்டு வந்துட்டோமேன்னு ரொம்ப நாள் உறுத்திச்சு, கண்ணு."

"இப்ப குடுப்பீங்களாம்மா?"

அந்த அம்மா தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"எங்க பேருக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு? பழைய பாஷையில ஓடக்காரன். எந்தக் காலத்துலயோ எங்க ஆளுங்க ஆத்துல ஓடம் விட்டிருக்காங்க. இப்ப வீட்டுல ஒருத்தருக்கும் நீச்சல்கூடத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"அப்புறமென்ன? நீ எங்க ஆளுதான்!"

மறுநாள் மூவரும் பதிவு அலுவலகத்தில் இருந்தார்கள். எழுத்தர் அம்மா, சலவைக்கார அம்மா கொடுத்த சம்மதக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். அவளும் சலவைக்கார அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"'பெயர் அளித்தவர்'னு போட்டுடறேன்" என்றார் எழுத்தரே.

"அதுக்கு ஏதாவது ரூல் இருக்கப் போகுது" என்றார் சலவைக்கார அம்மா.

"தேடினா இருக்கும். நான் தேடலை."

"பாப்பாவுக்கு எங்க ரெண்டு பேர் குடும்பப் பேரையும் சேர்த்துப் போடுங்க" என்றான் கணவன்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. சலவைக்கார அம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "இவ்வளவு ஈரத்துல வச்சிருக்கீங்களே, துணியை எங்கப்பா வச்சிருக்கே?" என்று அவனை விரட்டிக்கொண்டே பெஞ்சுப் பக்கம் போனார்.

அவள் புதிய பெயரை முதல் தடவையாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழகாத பெயர்; எழுத்து கோணலாகிவிட்டது. இரண்டாவது பிரதியை எழுத்தர் அம்மா நகர்த்தி வைத்தார். அதில் நன்றாக வந்தது.