குளச்சல் கரையில் ஆறு துடுப்பு

மேசையின் ஒரு முனையை ராஜமணியும் மறுமுனையைப் பக்கத்து வீட்டுக்காரரும் பிடித்துத் தம் கட்டியபோதுதான், ஜெயபாய் அன்று காலையிலிருந்து முதல் வார்த்தை பேசினாள்.

"மேசையத் தொடாதீங்க அத்தான்."

விடியற்காலையில் செல்வதாஸ் செத்துப்போனதிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. கட்டிலில் கிடத்தியிருந்த புருஷனின் தலைமாட்டில் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீராவது விடு, இல்லாவிட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று வந்த பெண்களெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அப்படிப்பட்டவள் இப்போது வாய் திறந்து மேசையைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் திகைப்பாக இருக்காது?

ராஜமணி செல்வதாஸின் அண்ணன். சபைக் கமிட்டியில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். ஐஸ் பெட்டி வந்துகொண்டிருக்கிறது, ஹாலில் ஃபேனுக்குக் கீழே இந்த ஓர் இடம்தான் இருக்கிறது, மேசையைப் பின்னறையில் போட்டுவிட்டு அடக்கம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்றார். ஜெயபாய் தலையை ஆட்டவே இல்லை. பெட்டியை வாசல் பக்கம் வைக்கலாம், மேசை ஒரு விரற்கடைகூட அசையக்கூடாது என்றாள்.

மேசைமேல் இருந்ததை ராஜமணி ஒருமுறை பார்த்தார். பரப்பிய மணல், ஒரு ஓரம் கடலுக்குப் பதிலாக நீலச் சேலைத்துண்டு, கம்பியில் வளைத்த தென்னைமரங்கள், எதிரும்புதிருமாக விரல் உயரச் சிப்பாய்கள். செத்த வீட்டில் பொம்மை என்று முனகிக்கொண்டே கையை எடுத்தார். பாவம், துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அடுக்களைப் பக்கம் பேச்சு கிளம்பியது.

புத்தியாவது பேதலிப்பதாவது! அவள் புத்தி அன்று வழக்கத்தைவிடக் கூர்மையாக இருந்தது. மேசையைத் தூக்கப் போனபோதுதான் அவள் அதை உற்றுப் பார்த்தாள். தென்னந்தோப்புக்குப் பின்னால் நின்ற ஆறு பொம்மை மீன்பிடிக்காரர்களும் இப்போது கரையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் விளையாட்டை நிறுத்தியபோது அவர்கள் அங்கே இல்லை. காலையில் எழுந்து வந்து, சாகுமுன்னே, செல்வதாஸ் தன் முறையை ஆடியிருக்கிறார்.

இதெல்லாம் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. போன சித்திரையில் செல்வதாசுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். வெயிலில் அலையக்கூடாது, படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்து போஸ்ட் போஸ்டாக ஏறி இறங்கிய மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவர்தான் போய் நிற்பார். வீட்டுக்குள் உட்காரவைத்தால் சும்மா இருப்பாரா? குழம்பில் உப்பு கூட, ஃபேனில் காற்று குறைவு, கோழிக்குக் கொழுப்பு அதிகம் என்று நாள் முழுக்க ஜெயபாயின் உயிரை வாங்கினார். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் மகள் சுஜிதான், அம்மாவின் புலம்பல் பொறுக்காமல், ஒரு பெட்டி பொம்மைச் சிப்பாய்களையும் பெயிண்டையும் வரவழைத்து அனுப்பினாள். பெயிண்ட் அடித்து அணிவகுத்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு அது.

சோடா மூடியில் ஒவ்வொரு சிப்பாயாக ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டு அவர் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார். கம்பி முறுக்கிக் காய்த்துப்போன விரல்கள். கோட்டுக்கு அடித்த நீலம் முகத்திலும் ஏறியது, கண் வைக்கப் போய் நெற்றியில் வைத்தார். நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள் ஜெயபாய். ஐந்தாம் நாள் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்கிய கண் அல்லவா, கோட்டுப் பொத்தான்கூட அவளுக்குத் தனித்தனியாக விழுந்தது. கறுப்புப் பெயிண்டைத் தண்ணீர்போலக் கரைத்து மேலே ஓடவிட்டால் துணி மடிப்பெல்லாம் எடுத்துக் காட்டும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவர், "ஏட்டி, ஒனக்கு இது எங்க இருந்து வந்தது?" என்று கேட்ட கேள்வியை நினைத்து அவள் வாரம் முழுக்கச் சிரித்தாள்.

ஆட ஆள் வேண்டும் என்றதும் அவளே எதிரில் உட்கார்ந்தாள். குளச்சலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மைதீன் கனி, செல்வதாஸின் பழைய கூட்டாளி, கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் அள்ளி வந்து, அந்தக் காலத்தில் மகாராஜா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போரையே ஆடுங்கள் என்றார். தொப்பி போட்ட சிப்பாய்கள் டச்சுக்காரர்கள் ஆனார்கள், ஜெயபாய்க்குப் போனார்கள். மகாராஜா படை அவருக்கு. அந்தக் காலத்துப் போரில் கரைக்கார மீன்பிடிக்காரர்கள் துடுப்பைத் தோளில் சாத்தி வரிசையாக நின்றார்களாம், கடலில் நின்ற டச்சுக்காரன் அதைத் துப்பாக்கி என்று நினைத்துப் பயந்தானாம். மைதீன் கனி இந்தக் கதையைச் சொன்னதும் செல்வதாசுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மிச்சமிருந்த ஆறு சிப்பாய்களின் தொப்பியைச் சீவி, துப்பாக்கியை வெட்டி, ஈர்க்குச்சியால் துடுப்பு செய்து ஒட்டி மீன்பிடிக்காரர்கள் ஆக்கினார். அவர்களுக்கு ஒரு தனிச் சட்டமும் போட்டார். அவர்கள் கரையில் வந்து நின்றால் டச்சுக்காரி பகடை உருட்ட வேண்டும். நாலும் அதற்கு மேலும் விழுந்தால் துடுப்பு என்று கண்டுபிடித்துவிட்டாள். அதற்குக் கீழே விழுந்தால் ஏமாந்து, ஒரு முறை நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

பகடையைக் கண்டு ராஜமணி ஒருநாள் கொதித்துப் போனார். சிலுவையடியில் ஆண்டவருடைய உடுப்புக்குச் சீட்டுப் போட்டவர்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்றார். "அவனுவ உடுப்ப உரிஞ்சிட்டுப் போட்டானுவ. நாங்க ஒவ்வொருத்தனுக்கும் உடுப்பு உடுத்திவிட்டுட்டுல்லா போடுதோம்" என்றார் செல்வதாஸ்.

ஒரே ஒரு குறை. செல்வதாஸ் கள்ள ஆட்டக்காரர். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு முடிச்சுப் போட்ட ஒரு சிவப்பு நூல் வைத்திருந்தார்கள். நடக்கிறவனுக்கு ஒரு முடிச்சுத் தூரம், குதிரைக்கு இரண்டு. அவர் கட்டைவிரலால் நூலை அழுத்திப் பிடித்து இழுத்து ஒரு விரல் கூடுதலாகப் போய்விடுவார். "நூல இழுக்காதீங்க" என்று அவள் சொல்லாத ஆட்டம் கிடையாது. பிடிபட்டதும் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல முழிப்பார். இத்தனை பிடித்தும் வருடம் முழுக்க அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல்.

நேற்று ஜெயித்திருப்பாள். அவளுடைய டச்சுப் படை மகாராஜாவின் பீரங்கிக்கு ஒரே ஒரு நகர்த்தல் தூரத்தில் நின்றது; அதைப் பிடித்தால் ஆட்டம் முடிந்தது. செல்வதாஸ் கண்ணாடியைக் கழற்றி, தன் முறையைக் காலையில் ஆடுவதாகச் சொல்லி எழுந்தார். தோற்கப் போகிறவர்களுக்குத்தான் இவ்வளவு சீக்கிரம் உறக்கம் வரும் என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே படுக்கப் போனார். காலையில் அவள் காப்பியோடு வந்தபோது மேசைக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. உறங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

இப்போது மேசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு ஆறவில்லை. தோப்புக்கும் கரைக்கும் இடையில் அவ்வளவு தூரம் கிடக்கிறது, ஒரு முடிச்சில் எப்படி வந்தார்கள்? அவர்கள் காலடியில் ஒட்டியிருந்த ஆறு சோடா மூடிகளும் நேற்று நின்ற இடத்தில் மணலில் வட்ட வட்டமாகப் பள்ளம் அப்படியே இருந்தது. அங்கிருந்து அளந்தால் தெரிந்துவிடும். ஒரு விரல் கூடியிருந்தால் கரைக்கு வரவில்லை என்று அர்த்தம், அப்படியானால் பகடையும் வேண்டாம், அவள் ஜெயித்தாள். நூலைத் தேடினாள். மேசைமேல் இல்லை, கீழே இல்லை, நாற்காலி இடுக்கிலும் இல்லை.

மைதீன் கனி வந்ததும் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஜெயபாயிடம் வந்து ஏதோ சொல்ல நினைத்தவர், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். கரையில் நின்ற துடுப்புகளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்து மேசைப் பக்கத்தில் போட்டார்.

"நான் இஞ்ச இருக்கேன் மைனி. ஒருத்தரையும் தொட விடமாட்டேன்."

சொன்னபடியே இருந்தார். மேசைமேல் பையை வைக்க வந்தவர்களையும் பாட்டுப்புத்தகம் வைக்க வந்தவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டே திருப்பி அனுப்பினார். மத்தியானம் சுஜி வந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து அழுதாள். மகளைத் தேற்றக் குனிந்தபோதுதான் ஜெயபாயின் கண் கால்மாட்டுக்குப் போனது. செல்வதாஸின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. விடியற்காலை அவசரத்தில் ராஜமணி கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

சாயங்காலம் போதகர் வந்து ஜெபம் முடித்தார். சவப்பெட்டியை மூடப் போகும் நேரத்தில் ஜெயபாய் எழுந்தாள். கால்விரல் நூலை அவிழ்த்துத் தன்னிடம் தர வேண்டும் என்று கேட்டாள்.

"சவத்துல கெட்டுனத வீட்டுக்குள்ள எடுக்கப்பிடாது பிள்ளே" என்றார் ராஜமணி.

போதகர் சின்ன வயசுக்காரர். வேதத்தில் அப்படி ஒன்றும் சொல்லியிருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். யாரோ கத்தரிக்கோல் நீட்டினார்கள். வெட்டினால் அளவு போய்விடுமே! ஜெயபாய் அதைத் தள்ளிவிட்டுக் கால்மாட்டில் மண்டியிட்டாள். ராஜமணியின் முடிச்சு இரும்பு முடிச்சு. நகத்தால் நெம்பி, நெம்பி, தூக்க வந்தவர்கள் துண்டைத் தோளில் போட்டுக் காத்து நிற்க, அவள் அவசரப்படாமல் அவிழ்த்தாள். அந்தப் பாசத்தைப் பார்த்துப் பெண்களெல்லாம் விம்மினார்கள். கள்ளனைப் பிடிக்கத்தான் அவள் அந்தப் பாடு படுகிறாள் என்பது மைதீன் கனிக்கு மட்டும் தெரியும். அவர் துவாலையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நூல் கையில் வந்ததும் அவள் அந்தக் கால்களை ஒருமுறை தடவினாள். "போயிட்டு வாங்க. நான் அளந்து பாத்துக்கிடுதேன்" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தோம் என்று பேர் பண்ணி, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மைதீன் கனியும் போகும்போது, முடிவை நாளைக்கு வந்து கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். ஜெயபாய் லைட்டைப் போட்டாள். மணல் பள்ளத்தின் விளிம்பில் நூலின் நுனியை வைத்து, இழுக்காமல், தளர விடாமல், கரை வரைக்கும் கொண்டுபோனாள். முடிச்சு மூடியின் விளிம்பில் வந்து நின்றது.

அவள் நம்பவில்லை. இரண்டாவது ஆளை அளந்தாள். மூன்றாவது ஆளையும் அளந்தாள். ஆறு பேரும் சொல்லிவைத்ததுபோல முடிச்சு விழும் இடத்திலேயே நின்றார்கள். ஒருத்தன்கூட அரை விரல் தாண்டவில்லை.

"என்னம்மா?" என்றாள் சுஜி.

"கள்ளம் இல்ல மக்ளே." ஜெயபாயின் உதடு கோணியது. "ஒரு வருஷம் கள்ள ஆட்டம் ஆடுன மனுஷன், எனக்குப் புடிக்கதுக்கு ஒண்ணும் வைக்காம, கடைசியில போயி யோக்கியமா ஆடியிருக்காரே. பாவி."

அப்போது உடைந்தாள். காலையிலிருந்து ஊரெல்லாம் கேட்ட கண்ணீர் அத்தனையும் வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மணலில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். சுஜி அவளைக் கட்டிக்கொண்டாள்.

அழுது ஓய்ந்ததும் சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். யோக்கியமாக ஆடியவருக்கு யோக்கியமாகத்தான் பதில் ஆட வேண்டும். தேங்காய்ச் சிரட்டையில் பகடையைப் போட்டுக் குலுக்கினாள். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் ஜெயித்தாள். பகடை உருண்டு தென்னைமரத்தில் முட்டி நின்றது.

இரண்டு.

"நல்லா ஏமாந்தேன்" என்றாள் ஜெயபாய். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "எனக்க ஆளுவ நின்ன எடத்துல நிக்கணும். இனி அப்பாக்க முறை."

சுஜி எதிரில் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் லீவில் வந்து ஆடுகிறேன் என்று சொல்லி, வந்த இரண்டு நாளும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வரவே சரியாகிவிட்டது அவளுக்கு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எதை நகர்த்துவது என்று தெரியவில்லை.

"தோப்புக்குப் பொறத்த நிக்க குதிரைக்காரன் யாரு ஆளும்மா?"

"ஒனக்க ஆளுதான். ரெண்டு முடிச்சு போலாம்."

சுஜி நூலை எடுத்தாள். நுனியைக் குதிரைக்காரனின் மூடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியைப் பீரங்கிப் பக்கம் கொண்டுபோனாள்.

"நூல இழுக்காத மக்ளே" என்றாள் ஜெயபாய்.

சுஜி கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினாள்.