கிளீட்டஸ் தலையசைத்த ஏலம்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதில் எனக்கே ஐயம். கடற்கரைக் காரியங்களை என்னைவிட நன்கறிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இனயம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர் கிளீட்டஸ். ஊர்த் திருவிழாவுக்குப் பிறகு அவர் குரல் கரகரத்து, வரவரத் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் ஆயிற்று. காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஷைஜா குழாய் விட்டுப் பார்த்துத் திரையில் காட்டினார். குரல்நாணில் கடுகளவு ஒரு கொப்புளம்.

"பயப்படாண்டாம் அண்ணா, இது கேன்சர் இல்ல. மொதல்ல வாயே தெறக்காம இருக்கணும். பெறவு குரல் பயிற்சி. ரெண்டுக்கும் அடங்கலேன்னாதான் ஆபரேஷன்."

கிளீட்டஸுக்கு வியர்த்தது. கத்தி நூலிழை தவறினால் குரல் போகும், பிழைப்பும் போகும். மெதுவாகப் பேசலாமா என்று கிசுகிசுத்தார்.

"கிசுகிசுப்பு அதைவிடக் கேடு. ஒரு வாரம் தாங்குங்க, கத்தி வேண்டாம்னு ஆவலாம்."

மனைவி பேபியின் தம்பி இஞ்ஞாசி ஏலம் கூற ஏற்பாடாயிற்று. வீட்டில் இருக்கக் கிளீட்டஸுக்கு மனம் கேட்கவில்லை. கரைக்குச் சென்று வியாபாரிகளோடு நின்றுகொண்டார்.

ஏலத்தில் வியாபாரிகள் வாய் திறப்பதில்லை. தலையை அசைத்தால் விலை ஒரு படி ஏறியதாகப் பொருள். இத்தனை காலம் பிறர் தலைகளையே பார்த்துப் பழகிய கிளீட்டஸ், தமக்கும் ஒரு தலை இருப்பதை மறந்துவிட்டார்.

வியாபாரி சிலுவைதாசன், "சொகந்தானா அண்ணா?" என்றார். கிளீட்டஸ் மரியாதையாகத் தலையசைத்தார். மலிவான சாளை மீன் குவியலின் விலை ஏறிற்று. பதறி, வேண்டாமென்று கையோடு தலையையும் ஆட்டினார், மேலும் ஏறிற்று. "மச்சானுக்கே" என்று இஞ்ஞாசி முடித்தான். அடுத்து அயலை. ஈ ஒன்று கிளீட்டஸின் மூக்கில் உட்கார்ந்தது. அயலையும் அவருக்கே.

சேதி கேட்டுப் பேபி ஓடிவந்தாள். "ஃபிரிட்ஜுல இனி ஒம்ம தலையத்தான் வைக்கணும். ஏலே இஞ்ஞாசி, ஒனக்குக் கண்ணு தெரியாதா?"

"தல ஆடுனா மீனு அவங்களுக்கு, அக்கா. மச்சான் படிப்பிச்சுத் தந்ததுதான்."

கிளீட்டஸ் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

பிறகு விலை மிகுந்த வஞ்சிரமான ஆளுயர நெய்மீன் ஒன்று கரையேறிற்று. இஞ்ஞாசி அதைச் சாளை விலையில் தொடங்கினான். சிலுவைதாசன் வானத்தைப் பார்த்தபடி ஒருமுறை தலையசைத்தார். மற்றவர்கள் பேசிவைத்ததுபோல் கழுத்தை அசைக்காமல் நின்றார்கள். கிளீட்டஸ் கண்ணை மூடிக் கத்தியை நினைத்தார்.

"ஒரு தரம், ரெண்டு தரம்" என்றான் இஞ்ஞாசி.

"ஏலே, அது நெய்மீன்லே" என்று கிளீட்டஸ் முழங்கினார்.

திறந்த வாய் பிறகு மூடவில்லை. மீன் உரிய விலையைத் தொடும்வரை அவரே கூறினார். கடைசித் தரத்தில் குரல் பாதியில் அறுந்தது.

மறுநாள் திரையில் கொப்புளம் இரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. நடந்ததைப் பேபி சொல்லக் கேட்ட மருத்துவர் ஷைஜா, திட்டாமல் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

இழந்தவை இவை: கத்தி இல்லாமல் தேறும் வாய்ப்பு, குரல் திரும்பும்வரை வரக்கூடிய ஏலங்கள், நாறிப்போன பாதி அயலை, இஞ்ஞாசியின் புதுத் தொழில்.