கடிக்கிற குதிரை

தோளில் ஈட்டிக் காயத்தோடு ரோமானியப் படையிலிருந்து சொந்த ஊரான காப்புவாவுக்குத் திரும்பிய பிரிஸ்குஸ், ஒரு குதிரையையும் அதன் குட்டியையும் ஓட்டிவந்தான். டான்யூப் நதிக்கரைப் பனியில் பிறந்து, அவன் தன் போர்வையைப் போர்த்திக் காப்பாற்றிய குட்டி. இப்போது காற்றாய்ப் பறந்தது.

மறுநாளே அப்பா வெரானியுஸ் குட்டியின் பல்லைப் பார்த்துவிட்டு, அதை விற்கப் பந்தயக் குதிரை லாயக்காரனுக்கு ஆள் அனுப்பினார்.

"குட்டி என்னுதுப்பா."

"நீயே என்னுதுடா! அப்புறம் உனக்குன்னு தனியா என்ன?"

சட்டம் அப்படித்தான். தகப்பன் இருக்கும்வரை, நரைத்த மகனின் சம்பாத்தியமும் தகப்பனுக்கே. படையில் சம்பாதித்ததும், படைக்குப் போகும்போது வீட்டார் கொடுத்தனுப்பியதும் மட்டும் விலக்கு.

பிரிஸ்குஸ் வாதாடவில்லை. அப்பாவை நடுவர் முன்னால் கூட்டிப்போனான்.

"தாய்க்குதிரை என் லாயத்துது, ஐயா. இவனுக்கு இரவலாத்தான் விட்டேன்" என்றார் வெரானியுஸ்.

உண்மையில் அது ஆளைக் கடிக்கிற குதிரை. தொல்லை ஒழிந்தது என்றுதான், மகன் படைக்குப் போன அன்று அதை அவனோடு அனுப்பினார்.

சாட்சிக்கு வந்திருந்த சலவைக்காரர் துர்போ சிரித்துவிட்டார். "இரவலா? மகனுக்குக் குதிரையே கொடுத்து அனுப்பினவன்னு ஊரெல்லாம் பீத்துனியேய்யா! போன வாரம்கூட பொதுக் கழிப்பறையில என் பக்கத்துல உக்காந்து அதைத்தானே சொன்ன? எந்திரிச்சுப் போகவும் முடியாம கேட்டுக்கிட்டிருந்தேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கொடுத்தீரா, இரவலா?" என்றார் நடுவர்.

வெரானியுஸ் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் குட்டி, மறுபக்கம் இத்தனை வருடப் பெருமை. அந்தத் தவிப்பைப் பிரிஸ்குஸ் நன்றாக நீளவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"இரவல்னே வச்சுக்குங்க, ஐயா. எங்கப்பாவுக்குக் கை அவ்வளவு தாராளமில்ல."

"யாருக்குடா தாராளமில்ல?" வெரானியுஸ் துள்ளினார். "கொடுத்தேன்! ஊரறியக் கொடுத்தேன்! வெறும் குதிரையா? வெள்ளிக் குமிழ் வச்ச சேணத்தோட கொடுத்தேன்!"

"அப்படியானால் குதிரை, குட்டி, சேணம் மூன்றும் மகனுக்கே" என்று எழுந்துவிட்டார் நடுவர்.



பிரிஸ்குஸ் தலைகுனிந்து வணங்கினான். அன்று படைக்கு அவன் சேணமில்லாமல் குதிரையின் வெறும் முதுகில்தான் ஏறிப் போனான். அந்த வெள்ளிக் குமிழ்ச் சேணம் அப்பாவின் லாயச் சுவரில் இன்னும் தொங்குகிறது. வீட்டுக்குப் போனதும் முதலில் அதை இறக்க வேண்டும்.